ஓடாத பாம்பு: பூட்டிக் கிடந்த வளவில் கைவைக்க முன்

தங்கையின் மகன் ரொறன்ரோவில் இருந்து வட்ஸ்அப் அனுப்பியிருந்தான். "பெரியம்மா, நல்லூர்த் திருவிழாவுக்கு வாறம். அம்மம்மான்ரை வீட்டிலைதான் நிப்பம். வளவு துப்புரவாக்க நானும் தம்பியும் காணும், கூலிக்கு ஆள் பிடிக்காதேங்கோ."

அந்த வளவு ஏழு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. வடமராட்சி கிழக்கில், மணற்காட்டுப் பக்கம். பனையும் வடலியும் பற்றையும், சரிந்து விழுந்த கிடுகு வேலியும், யாரும் பொறுக்காத காய்ந்த ஓலையும் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கின்றன. நான் பதில் போட்டேன்: "வாங்கோ. ஆனால் நான் சொல்லுமட்டும் ஒரு ஓலையிலையும் கை வைக்கக் கூடாது." ஏன் என்று கேட்டான். அந்தப் பதில் போனில் தட்டி முடிகிற அளவில் இல்லை. இந்த ஆடி, ஆவணியில் ஊருக்கு வந்து பூட்டிய வீடு திறக்கிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். எல்லாருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

நான் இருபத்தொன்பது வருஷம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஊரில் இன்றைக்கும் எனக்கு "மிஸி" என்றுதான் பெயர். பாம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி ஆஸ்பத்திரி வாட்டில் கற்றது, மீதி இந்த மணலில் கற்றது. இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. நல்லபாம்பும் சாரையும் ஆளின் காலடி அதிர்வு பட்டதும் பெரும்பாலும் விலகிப் போய்விடும். விரியன் சாதி அப்படிப் போகாது. அது இருந்த இடத்திலேயே இருக்கும், நாம்தான் அதன்மேல் போய்க் கையையோ காலையோ வைப்போம். இனி நான் சொல்லப்போகிற அவ்வளவும் இந்த ஒரு பழக்கத்தில் இருந்து வருவதுதான்.

யாழ்ப்பாணத்தில் அறிய வேண்டிய விரியன் இரண்டு. ஒன்று சுருட்டை விரியன், மற்றது கண்ணாடி விரியன். இரண்டாவதை நாங்கள் புடையன் என்போம், சிலர் முத்திரைப் புடையன், கண்ணாடிப் புடையன் என்றும் சொல்வார்கள். கட்டுவிரியன் பெயரில்தான் விரியன். அது நல்லபாம்பின் பக்கத்து உறவு, அதன் விஷம் வேறு விதமானது.

முதலில் சுருட்டை. மூன்று வருஷத்துக்கு முன், ஒரு மாசி மாதத்துக் காலை, கிணற்றடிக்குப் பின்னால் குவித்து வைத்த தேங்காய்ப் பொச்சு மட்டையை அடுப்புக்கு எடுக்கப் போனேன். கொக்கத்தடியால் மேலே கிடந்த இரண்டை இழுத்துவிட்டேன். மூன்றாவதைப் புரட்டியதும் ஒரு சத்தம். காய்ந்த தாச்சியில் கல்லுப்பை வறுக்கும்போது வருமே, அப்படி ஒரு சொரசொரத்த இரைச்சல். சீறல் என்று சொல்ல முடியாது. சத்தம் எங்கே இருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே எனக்குச் சில விநாடி எடுத்தது. பொச்சின் நிழலில், தேநீர்க் கோப்பையின் சாசருக்குள் அடங்கிவிடுகிற அளவில், ஒரு சுருள்.

இரண்டு மீற்றர் தள்ளி நின்று பார்த்தேன். உடம்பை ஒன்றின் உள்ளே ஒன்றாக அரைவட்டம் அரைவட்டமாக மடித்து வைத்திருந்தது. அந்த மடிப்புகள் ஒன்றோடொன்று எதிர்த்திசையில் உரசிக்கொண்டே இருந்தன, பக்கச் செதில்கள் வாள் இழுப்பதுபோல. சத்தம் அங்கிருந்துதான். தலை மட்டும் நடுவில் அசையாமல் என்னைப் பார்த்தபடி இருந்தது. மடிப்புகள் ஓட ஓட முழுச் சுருளும் மெல்ல மெல்லப் பின்வாங்கிப் போனது. ஆனால் முதுகு காட்டவில்லை.

சுருட்டையின் உடலின் பக்கங்களில் உள்ள செதில்கள் சரிவாக இருக்கும். ஒவ்வொரு செதிலின் நடுவிலும் வள்ளத்தின் அடியில் ஓடும் ஏராப்போல ஒரு முகடு, அந்த முகட்டில் வாள் பல்லுப்போல அரம். விஞ்ஞானப் பெயரான எக்கிஸ் கரினாட்டஸ் என்பதில் இரண்டாம் சொல் இந்த ஏராவைத்தான் குறிக்கிறது. சிங்களத்தில் 'வெலி பொலங்கா' என்பார்கள், மணல் விரியன் என்று பொருள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும், எங்கே தேடவேண்டும் என்று பெயரே சொல்லிவிடுகிறது. இலங்கை விலங்கியலாளர் தெரணியகல 1951இல் இலங்கைச் சுருட்டையைத் தனி உபஇனமாகக் கணக்கெடுத்து 'சிங்ஹலேயஸ்' என்று பெயர் வைத்தார். இன்று எல்லா ஆய்வாளரும் அதைத் தனியாகப் பிரிப்பதில்லை.

அளவுதான் ஆட்களை ஏமாற்றுவது. வேறு நாடுகளில் இது இரண்டடி வரை போகும். எங்கள் கரையில் ஓரடி இருந்தால் வளர்ந்த பாம்பு. "புழு மாதிரிக் கிடக்கு, குட்டியாக்கும்" என்று செருப்போடு மிதிக்கப் போனவர்களை நான் வாட்டில் பார்த்திருக்கிறேன். குட்டி என்றாலும் விஷம் விஷம்தான், பிறந்த அன்றே உண்டு.

நிறம் மண்ணின் நிறம். வெளிறிய மண்ணிறம், சில வேளை சாம்பல், சில வேளை செங்கல் தூள் போல. முதுகின் நடுவில் கரு விளிம்பு கட்டிய வெளிறிய புள்ளிகள் ஒரு வரிசையாக ஓடும். இரண்டு பக்கத்திலும் வெள்ளைக் கோடு ஒன்று அலை அலையாக வளைந்து போகும். கோலம் போடத் தெரிந்தவர்கள் கம்பிக் கோலத்தை நினைத்துக்கொள்ளலாம். தலையில் வெள்ளை அடையாளம் ஒன்று இருக்கும், குருவி ஈர மணலில் கால் பதித்ததுபோல. தலை கழுத்தில் இருந்து தனியாகத் தெரியும், முகவாய் கட்டையானது, வால் சின்னது. கண் அந்தத் தலைக்குப் பெரிது. பகலில் கண்மணி நெட்டுக்குத்தாக, பூனைக் கண் மாதிரி ஒடுங்கியிருக்கும். கண்மணி தெரிகிற தூரத்தில் நீங்கள் நின்றால், பிழையான தூரத்தில் நிற்கிறீர்கள்.

பகலில் அது எங்கே கிடக்கும்? வெயில் படாத, அடியில் கொஞ்சம் காற்றோட்டமுள்ள எதன் கீழும். விழுந்த பனை ஓலை, கிடுகு, பொச்சு, கல்லு, பழைய ஓடு, புல்லுப் புடையின் அடி, தாழம் பற்றையின் தூர். சில வேளை மணலுக்குள் உடம்பைப் புதைத்துக்கொண்டு தலையை மட்டும் வெளியே வைத்திருக்கும். பொழுதுபட்ட பிறகு வெளிக்கிடும். தேள், பூரான், பூச்சி, பல்லி, தவளை, சின்ன எலி, எது அகப்பட்டாலும் சாப்பாடு. பூட்டிக் கிடந்த வளவில் தேளும் பூரானும் எவ்வளவு பெருகியிருக்கும் என்று யோசித்தால், இது ஏன் அங்கே வந்தது என்று கேட்கத் தேவையில்லை. மணலில் நேராக ஊராது, உடம்பைப் பக்கவாட்டில் எறிந்து எறிந்து போகும். காலையில் மணலில் ஒன்றோடொன்று ஒட்டாத சாய்ந்த கோடுகள் படிக்கட்டு மாதிரிக் கிடந்தால், இரவு இந்த வழியால் போயிருக்கிறது.

இரண்டு விஷயம் புத்தகத்தைவிட ஊரில்தான் நன்றாக விளங்கும். ஒன்று மழை. மாரி தொடங்கித் தரை நனைந்தால் சுருட்டை பற்றைகளிலும் செடிகளிலும் ஏறிவிடும். கீழேதானே பார்க்கச் சொன்னார்கள் என்று இடுப்பளவு பற்றைக்குள் கையை விடக் கூடாது. மற்றது காற்று. வைகாசியில் இருந்து புரட்டாசி வரை சோளகம் அடிக்கும். பனை ஓலை இரவு பகலாகச் சலசலக்கும். அந்த இரைச்சலுக்குள் சுருட்டையின் எச்சரிக்கை காதில் விழாது. மாசி மாதத்து அமைதியில் எனக்குக் கேட்டது ஆவணியில் என் பெறாமகனுக்குக் கேட்காது. அவன் காதை நம்பி வேலை செய்யக் கூடாது, கண்ணையும் தடியையும்தான் நம்ப வேண்டும்.

புடையன் வேறு ஆள். பருத்த உடம்பு, மூன்றரை, நாலு அடி நீளம். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக மூன்று வரிசை முட்டை வடிவப் பொட்டுகள், சங்கிலி கோத்தாற்போல. ஒவ்வொரு பொட்டும் மண்ணிறம், சுற்றிக் கறுப்பு வளையம், அதைச் சுற்றி மெல்லிய வெள்ளையோ மஞ்சளோ. இந்தப் பொட்டைத்தான் முத்திரை என்கிறார்கள். தலை முக்கோணம், மூக்குத் துவாரம் பெரிது. சீறினால் பிறஷர் குக்கர் ஆவி விடுகிற சத்தம், பாம்புகளில் இவ்வளவு உரக்கச் சீறுவது வேறில்லை என்றே சொல்லலாம். சுருட்டை கரையோர மணலுக்குரியது என்றால் புடையன் வயல், வரப்பு, வைக்கோல் குவியல், எலி உள்ள இடமெல்லாம். முட்டை இடாது, குட்டி போடும், ஒரு ஈற்றில் இருபது முப்பது என்று. குட்டிகள் தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வரும் என்று அம்மம்மா சொல்லுவா, விரியன் என்ற பெயருக்கே அதுதான் காரணம் என்றும் சொல்லுவா. கதை நல்ல கதை, ஆனால் உண்மையில்லை. மெல்லிய சவ்வுக்குள் பிறந்து, சவ்வைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். தாய்க்கு ஒன்றும் ஆகாது.

ஆள் மாறாட்டமும் நடக்கும். பூனைப் பாம்பு சுருட்டை மாதிரியே சுருண்டு வாலை நடுக்கும். ஆனால் உடம்பு மெலிந்து நீண்டிருக்கும், தோல் வழுவழுப்பு, கழுத்து நூல்போல. மண்ணுளிப் பாம்பையும் வெங்கிணாந்திக் குட்டியையும் புடையன் என்று அடித்துக் கொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். மண்ணுளியின் பொட்டுகள் ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், வால் கட்டையாக முடியும். புடையனுடையது அச்சுக் குத்தியதுபோல ஒழுங்கு. சந்தேகம் என்றால் புடையன் என்றே வைத்துக்கொண்டு விலகுங்கள். அந்தப் பிழையால் யாருக்கும் நட்டம் இல்லை.

சரி, இனி வளவு.

காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு நிறுத்துங்கள். விடியப்புறம் குளிர்ச்சியாக இருக்கும் என்று ஐந்து மணிக்கு இறங்க வேண்டாம், அது பாம்பு வேட்டை முடித்துத் திரும்புகிற நேரம். பின்னேரம் ஐந்துக்குப் பிறகும் வேண்டாம். காலுக்கு முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ், தடித்த டெனிம் காற்சட்டை. கனடாவில் இருந்து கொண்டுவரும் ஓட்டச் சப்பாத்து இதற்கு உதவாது, சுருட்டை கடிப்பது பெரும்பாலும் கால் விரலும் கை விரலும்தான். தோல் கையுறை முள்ளுக்கு நல்லது, பாம்புக்கு அல்ல. புடையனின் பல் நீளமானது, பூட்ஸ் போட்டிருக்கிறோம் என்று அதன் பக்கத்தில் வீரம் காட்டக் கூடாது.

ஓலையைக் கையால் தூக்கவே கூடாது. கொக்கத்தடி இல்லாவிட்டால் நீளக் காம்புள்ள இரும்பு வாரி. இதில் ஒரு நுணுக்கம் உண்டு, இதை மட்டும் நின்று கவனியுங்கள். பெரும்பாலானோர் தங்களுக்குக் கிட்ட உள்ள விளிம்பைத்தான் தூக்குவார்கள். அப்போது ஓலைக்குக் கீழே உள்ள வாய் உங்கள் காலைப் பார்த்துத் திறக்கும். அப்படிச் செய்யாமல், தடியை நீட்டி அந்தப் பக்கத்து விளிம்பைக் கொளுவி, உங்கள் பக்கம் சரித்து நிமிர்த்துங்கள். இப்போது வாய் அந்தப் பக்கம் திறக்கும், ஓலை உங்களுக்கும் பாம்புக்கும் நடுவில் தட்டியாக நிற்கும். ஒரு நிமிஷம் அப்படியே பிடித்திருங்கள். பிறகு மெல்ல எட்டிப் பாருங்கள். பொச்சு, தகரம், பலகை, உரப்பை எல்லாவற்றுக்கும் இதுதான் முறை. எங்கள் வளவில் ஓலை வெட்ட வருகிற பெடியனுக்கு இதைப் பழக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. இப்போது அவன் மற்றவர்களுக்குப் பழக்குகிறான், "இது மிஸியின்ரை ஸ்ரைல்" என்று சொல்லி.

வீட்டு வாசலில் இருந்து தொடங்கி வெளியே போங்கள். முதலில் படலையில் இருந்து வாசல் வரை ஒரு பாதை, பிறகு வாசலில் இருந்து கிணற்றடி, அதன் பிறகு கக்கூஸ். இரண்டு மீற்றர் அகலத்துக்கு மணல் தெரிய வேண்டும். வெறும் மணலில் கிடக்கும் பாம்பு கண்ணுக்குத் தெரியும், ஓலைமேல் கிடப்பது தெரியாது. மீதி வளவை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

பெக்கோ இயந்திரம் பிடித்து ஒரு மணித்தியாலத்தில் தள்ளிவிடலாம் என்று தங்கை புருஷன் சொல்வார். தள்ளலாம். ஆனால் பெக்கோ பற்றையை அழிப்பதில்லை, வேலியோரம் கொண்டுபோய்க் குவிக்கிறது. கிளை, வேர், கல்லு, ஓலை எல்லாம் கலந்த அந்தக் குவியலைவிட நல்ல வீடு எந்தப் பாம்புக்கும் கிடைக்காது. பெக்கோ விட்டால் குவியலை அன்றைக்கே ஏற்றி அனுப்புங்கள். இரண்டு கிழமை கிடந்த குவியலைக் கையால் பிரிக்கப் போக வேண்டாம்.

விறகும் பொச்சும் இல்லாமல் ஊர் வாழ்க்கை இல்லை. அவற்றை நிலத்தில் குவிக்காமல், நாலு கல்லில் இரண்டு மரத்தைப் போட்டு ஒரு முழம் உயரத்தில் அடுக்குங்கள், கீழே வெளிச்சம் தெரியட்டும். குசினிச் சுவரோடு ஒட்டி அடுக்க வேண்டாம். கோழித் தீனும் நெல்லும் மூடியுள்ள வாளியில். எலி வந்தால் புடையன் வரும், நல்லபாம்பும் வரும். உள்ளியை இடித்து நீரில் கரைத்துத் தெளிப்பது, உப்புக் கோடு போடுவது, பினாயில் ஊற்றுவது எல்லாம் வளவுக்கு மணம் கொடுக்கும். பாம்பு அதைத் தாண்டித்தான் போகும்.

இரவில் வெளியே இறங்கினால் ரோச் லைட் கட்டாயம், பத்தடி தூரமாக இருந்தாலும். போன் வெளிச்சம் முகத்துக்கு நேரே பிடித்து நடப்பதற்கு, காலடிக்கு அல்ல. கட்டிலில் படுங்கள், நுளம்பு வலையின் விளிம்பை மெத்தைக்குக் கீழே செருகுங்கள். இது விரியனுக்கு அல்ல, இரவில் வீட்டுக்குள் வருகிற கட்டுவிரியனுக்கு.

அப்புறம் பனம்பழம். ஆவணியில் இரவெல்லாம் தொப் தொப் என்று விழும். வேறு யாரும் பொறுக்க முன் நாங்கள் பொறுக்க வேண்டும் என்று இருட்டோடு ஓடுவது எங்கள் பிள்ளைப் பருவத்து விளையாட்டு. களியைக் காயவைத்துப் பினாட்டு போட அம்மாவுக்குப் பழம் வேண்டும், எங்களுக்குப் போட்டி வேண்டும். விழுந்த பழத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லியும் தேளும் வரும், மீதி நான் சொல்லத் தேவையில்லை. கனடாப் பிள்ளைகளுக்கு அந்த ஆசை வரத்தான் செய்யும். வரட்டும். விடிந்து நிழல் தெரிகிற நேரத்தில் போங்கள், பழத்தைக் காலால் ஒரு தரம் உருட்டிவிட்டு, பிறகு குனியுங்கள். பூட்ஸ் போட்ட காலால்.

பாம்பைக் கண்டுவிட்டால்? நில்லுங்கள். இரண்டு எட்டுப் பின்னால் வையுங்கள். பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அனுப்புங்கள். ஒருவர் தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று பார்க்கட்டும், பெரும்பாலும் இருட்டியதும் போய்விடும். போகாது, வீட்டு வாசலிலேயே கிடக்கிறது என்றால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம், ஊரில் பாம்பு பிடிக்கத் தெரிந்தவர் யாரும் இருந்தால் கூப்பிடலாம். அடிக்கப் போகாதீர்கள். நான் சொல்வது புண்ணியக் கணக்கு அல்ல. நல்லபாம்பை நாங்கள் கோயில் கட்டிக் கும்பிடுகிறோம், புடையனை யாரும் கும்பிடுவதில்லை, அதனால் கண்டதும் தடி எடுக்கிறோம். அடிக்கப் போய்க் கடிவாங்கி வந்தவர்கள் எத்தனை பேர். அறுத்துப் போட்ட தலையும் கொஞ்ச நேரத்துக்குக் கடிக்கும், அதைக் கையில் எடுத்து "இதுதான் மிஸி" என்று காட்ட வந்தவரும் உண்டு.

இனிக் கடித்துவிட்டால் என்ன செய்வது. இதைச் சொல்ல அப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது தாதிப் பயிற்சியில் இரண்டாம் வருஷம். தை மாதம், தென்மராட்சியில் மாமாவின் வயலில் அரிவி வெட்டு. அப்பா குனிந்து நெல்லைப் பிடித்த கையில் புடையன் கடித்தது. கூட நின்றவர்கள் சாரத்துத் துணியைக் கிழித்து முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினார்கள். பிறகு அயலூரில் கல்லு வைத்து விஷம் இறக்குகிற ஒருவரிடம் கொண்டுபோனார்கள். கல்லு ஒட்டியது, விழுந்தது, திரும்ப ஒட்டியது. அப்பாவின் பல் முரசில் இருந்து இரத்தம் கசியத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. நாலரை மணித்தியாலம் போயிருந்தது. கட்டை அவிழ்த்தபோது கை கறுத்துப் போயிருந்தது. அவரின் சிறுநீரகம் திரும்ப ஒழுங்காக வேலை செய்யப் பதினேழு நாள் எடுத்தது. பிழைத்தார். ஆனால் வலது கையின் இரண்டு விரல் பிறகு மடங்கவே இல்லை, அது விஷத்தாலா கட்டாலா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. கல்லு வைத்தவர் நல்ல மனுஷன், காசும் வாங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம், யாரோடு சண்டை பிடிப்பது என்று தெரியாத கோபம்.

ஆகவே செய்ய வேண்டியது: பாம்பில் இருந்து விலகுங்கள். மோதிரம், காப்பு, மணிக்கூடு, கொலுசு உடனே கழற்றுங்கள், வீங்கினால் பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட கையையோ காலையோ ஒரு மட்டையோடு சேர்த்து, அசையாதபடி தளர்வாகக் கட்டுங்கள். கடிபட்டவர் நடக்கக் கூடாது, தூக்குங்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. அதுவரை காத்திருப்பதைவிட அயலில் ஓட்டோ இருக்கிறது, ஆஸ்பத்திரி கிட்ட என்றால் ஓட்டோவில் வெளிக்கிடுங்கள். கடித்த நேரத்தைப் பேனையால் கையிலேயே எழுதுங்கள். பாம்பைப் படம் எடுக்க முடிந்தால் தூரத்தில் நின்று ஒன்று, முடியாவிட்டால் வேண்டாம், அதைத் தேடி நேரம் போக்காதீர்கள்.

செய்யக் கூடாதது: இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, கல்லு, சாராயம். நோவுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது, இரத்தம் உறையாத நேரத்தில் அது எரிகிற நெருப்பில் எண்ணெய். பரசிற்றமோல் போதும்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் பாதியாகும். விரியன் விஷம் இரத்தத்தின் உறையும் சக்தியைத் தின்று தீர்த்துவிடும். அதைப் பார்க்க மிகப் பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். சுத்தமான, காய்ந்த கண்ணாடி ரியூப்பில் இரண்டு மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிஷம் நிறுத்தி வைப்போம். பிளாஸ்ரிக் ரியூப் கூடாது, சவர்க்காரம் போட்டுக் கழுவிய ரியூப்பும் கூடாது, முடிவு பிழைக்கும். இருபதாவது நிமிஷம் ரியூப்பை ஒரு தரம் சரிப்போம். நல்ல இரத்தம் என்றால் ஜெலிபோலக் கெட்டியாக அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இல்லாவிட்டால் றோஸ் சர்பத் மாதிரி வழிந்து ஓடும். அந்த இருபது நிமிஷமும் கடிபட்டவரின் மனிசி என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பா. ரியூப் சரிகிறபோது என் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கப் பழக எனக்குப் பல வருஷம் பிடித்தது.

முதல் தரம் உறைந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. ஒரு நாளாவது வைத்துப் பார்ப்பார்கள், அடிக்கடி ரியூப் வைப்பார்கள், சிறுநீரை அளப்பார்கள். "ஒண்டும் இல்லை மிஸி, நான் போறன்" என்று கையெழுத்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். இலங்கைப் புடையனுக்கு இன்னொரு குணம், கண் இமை தொய்ந்து விழும், நித்திரை தூங்குவதுபோல. களைப்பு என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. எதிர்விஷம் இந்தியாவில் இருந்து வருவது. நல்லபாம்பு, கட்டுவிரியன், புடையன், சுருட்டை நாலுக்கும் ஒரே மருந்துதான், அதனால் எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் வைத்தியர் குணத்தைப் பார்த்து மருந்து ஏற்றுவார். விஷம் ஏறிய குணம் இல்லாதவருக்கு ஏற்றமாட்டார், ஏனென்றால் ஒவ்வாமை வரக்கூடிய மருந்து அது. அதற்காகத்தான் முதலில் தோலுக்குக் கீழே சிறிதளவு அட்ரினலின் குத்துவது. பிள்ளைக்குப் பெரியவர் அளவு மருந்து கொடுக்கிறார்களே என்று பதறி வந்த தாய்மார் பலர். பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைத்து விடுவதில்லை, அதனால் மருந்தும் அதே அளவுதான்.

நான் இருந்த காலத்தில் சுருட்டை கடித்து வந்தவர்கள் பெரும்பாலும் வீங்கிய விரலோடும் ஒட்டுப்போட்ட கையோடும் நல்லபடி வீடு போனார்கள். அதை வைத்து அலட்சியப்படுத்த முடியாது, அவர்களின் ரியூப்பிலும் இரத்தம் ஓடியதை நான் கண்டிருக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாரடைப்புக்காரருக்கு இரத்தக் கட்டி வராமல் ஏற்றுகிற திரோஃபிபான் என்ற மருந்தை, சுருட்டையின் விஷத்தில் இருந்த ஒரு பொருளைப் பார்த்துத்தான் உருவாக்கினார்கள். என் பொச்சுக் குவியலுக்குள் கிடந்தவர் இவ்வளவு பெரிய ஆள் என்று எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும்.

இவ்வளவையும் குரல் பதிவாக்கி, நாலு துண்டாகப் பெறாமகனுக்கு அனுப்பினேன். இரண்டு நீல ரிக் விழுந்து ஒரு மணித்தியாலம் பதில் இல்லை. பயணத்தை மறித்துவிட்டேனோ என்று யோசித்துக்கொண்டு இருக்க, வந்தது.

"பெரியம்மா, கம்பூட்ஸ் அங்கை வாங்கலாமோ? எனக்குப் பத்து, தம்பிக்கு எட்டரை."

எட்டரை கிடைப்பது கஷ்டம். நாளைக்குக் கொடிகாமச் சந்தைக்குப் போகிறேன், ஒன்பது எடுத்து உள்ளே துணி வைக்கலாம். போட முன் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போட வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன்.